பாரை எண்ணியவர்கள்: புத்தளக் கடலின் முத்துப்பார்ப் பரிசோதனை

சிலாபம் என்னும் ஊர்ப்பெயர் முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்னும் சொல்லின் திரிபு என்பர். மன்னார்ப் பகுதியிலுள்ள சிலாவத்துறையும் சலாபத்துறையே என்று கொள்வாருண்டு. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே கற்பிட்டி, கரைத்தீவு, பொன்பரப்பி, குதிரைமலை என நீண்டு கிடக்கும் புத்தள மாவட்டக் கரைக்கு எதிரே, கடலடியில், வரலாற்றுப் புகழ் வாய்ந்த முத்துப்பார்கள் பல கிடக்கின்றன. கொற்கை முத்தின் சிறப்பைச் சங்கப் புலவர் பாடினர். ஈழத்து முத்தின் சிறப்பைக் கிரேக்க, உரோம எழுத்தாளர் குறித்து வைத்தனர். பிற்காலத்தில் முத்துச்சலாபம் பற்றி எழுதியோரெல்லாம் பாளையத்தின் ஆரவாரத்தையும், கல்லைக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கும் குளியாளியின் துணிவையும், சுறாவை வாய்கட்டும் கடல்கட்டியின் மந்திரத்தையும், அழுகிய சிப்பியின் நாற்றத்தையுமே விரித்துரைத்தனர். அச்சலாபம் நடைபெறலாமா, கூடாதா என்பதை முடிவு செய்யும் பொருட்டு ஆண்டுதோறும் கடலிலே நிகழ்ந்த ஓசையற்ற ஒரு வேலையைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. அவ்வேலையே இக்கட்டுரையின் பொருளாகும்.

பார் என்பது கடலடியில் மணற்பரப்பினிடையே திட்டுத்திட்டாக அமைந்துள்ள கற்றரை. சிறு சிப்பிகள் நீரில் மிதந்து வந்து, தம் உடலினின்றும் சுரக்கும் நார்க்கற்றையால் இக்கல்லைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. பெரும்பாலான பார்கள் ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில், கரையிலிருந்து பல மைல் தொலைவில் உள்ளன. செவல் பார், மோதரகம் பார், பெரிய பார், முத்துவாரட்டுப் பார், கரைத்தீவுப் பார், சிலாபப் பார் என ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. இப்பெயர்களிற் பெரும்பாலானவை தமிழ்ப் பெயர்களாக இருப்பது தற்செயலன்று. நிலப்படம் வரைந்த ஐரோப்பியர் வருமுன்பே இக்கடற்றரையை முழம் முழமாக அறிந்து வைத்திருந்தோர் யாவர் என்பதற்கு அவையே சான்று.

இப்பார்கள் தனியொருவருக்கு உரியவையாக இருந்ததில்லை. அரசுக்குரியவை என்பதே எக்காலத்துக் கொள்கையும். ஆயினும் அரசு விதைத்த பயிருமன்று, அரசு மேய்த்த மந்தையுமன்று. இந்நிலையை விளங்கிக்கொள்ள நிலத்திலிருந்து ஓர் ஒப்புமை கூறலாம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே தனியார் எவர்க்கும் உரிமையில்லாத பரந்த புற்றரைகள் உள. கால்நடை வைத்திருப்போர் அவற்றிற் கட்டுப்பாடின்றி மேய்த்து அழித்தமையால் 1934இல் டெய்லர் மேய்ச்சற் சட்டம் இயற்றப்பட்டது. இத்தகைய பொதுநிலங்களில் இடம்விட்டு இடம் சென்று, குறித்த இடங்களிலே புல்லையும் செடியையும் எண்ணி, இவ்வாண்டு எத்துணை மேய்ச்சலைத் தரை தாங்கும் என்று அறிக்கை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட அலுவலர் இன்றும் அங்கு உளர். அவர்கள் பிறப்பதற்கு நூறாண்டுகட்கு முன்பே, கண்ணுக்குப் புலப்படாத ஒரு மேய்ச்சற்றரையை எண்ணிக் கணக்கிடும் அலுவலர் ஒருவர் இலங்கையில் இருந்தார். 'முத்துப்பார்ப் பரிசோதகர்' என்பது அவரது பதவிப் பெயர்.

ஒல்லாந்தர் கற்பிட்டியையும், 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபின், சலாபத்துக்கு முன் பார்களைச் சோதிக்கும் வழக்கத்தைப் பேணி வந்தனர். எனினும் அவர்தம் ஆட்சியின் நீண்ட பகுதி முத்தின்றியே கழிந்தது. 1732 முதல் 1746 வரையும், பின்னர் 1768 முதல் ஆட்சி முடியும் வரையும் அவர்களுக்குச் சலாபம் வாய்க்கவில்லை. இங்ஙனம் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஓய்ந்து கிடந்து செழித்திருந்த பார்கள் 1796இல் ஆங்கிலேயர் கையில் வந்தன. வந்த ஆண்டிலேயே குளிப்பு நடத்தினர். 1797இலும் 1798இலும் மீண்டும் நடத்தினர். கருவூலம் நிரம்பிற்று, பார்கள் வறண்டன. புதிதாகக் குடிபுகுந்தவன் களஞ்சியத்தைக் கண்ட மகிழ்ச்சியில் விதைநெல்லையும் உண்ட கதைதான். இதன் பின்னரே பார்களைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் அரசுக்கு உண்டாயிற்று. 1811இல் பார்களின் அருகே காரணமின்றி உலவும் படகுகளைப் பறிமுதல் செய்ய இடந்தரும் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்கு அப்பாலும் செல்லுபடியான இச்சட்டம், 1893இல் பெஹ்ரிங் கடலின் உரோமக் கடல்நாய்கள் (சீல்கள்) பற்றிய சர்வதேச வழக்கிலே முன்னுதாரணமாக எடுத்துக்காட்டப்பட்டது. புத்தளக் கடலின் சிப்பி, அலாஸ்காக் கடலின் உரோம விலங்குக்காகச் சாட்சி சொல்லச் சென்றது எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பரிசோதகர் பதவியை வகித்தோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் ஜேம்ஸ் ஸ்டூவாட். இலங்கை முத்துக்குளிப்பைப் பற்றி 1843இல் நூலொன்று வெளியிட்டவர். மற்றவர் கப்டன் ஜேம்ஸ் டொனன். 1863 தொடக்கம் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் இப்பணியில் இருந்தவர். இருவரும் கொழும்புத் துறைமுகத்தின் தலைமை அலுவலராகவும் இருந்தவர்கள். அதாவது, கடலோட்டத்தில் வல்லவர்; உயிரியல் கற்றவரல்லர். ஆண்டின் பெரும்பகுதி துறைமுகத்தில். கடல் அடங்கியிருக்கும் பருவத்தில், பெரும்பாலும் கார்த்திகையை அடுத்தும் பங்குனியை அடுத்தும், பார்களில். இதுவே அவர்களது வாழ்க்கை.

அவர்கள் கையாண்ட முறை எளியது. ஆயின் சிந்தித்து அமைக்கப்பட்டது. பாரின் மேல் ஓரிடத்தில் மிதவையோ நங்கூரமிட்ட கலமோ நிறுத்தப்படும். அதனை மையமாகக் கொண்டு, குளியாளிகளை ஏற்றிய படகுகள் வெவ்வேறு தொலைவில் வட்டமாகச் சுற்றிவரும். சுற்றும்போது இடையிடையே குளியாளி இறங்குவான். ஒரு முழுக்கில் அவன் கொணர்ந்த சிப்பி எத்தனை, அவற்றின் வயது யாது, அடியில் இருப்பது கல்லா மணலா, செத்த சிப்பியின் ஓடு உண்டா, சிப்பியை மூடி வளரும் பிற மட்டியினம் உண்டா என்பன குறிக்கப்படும். ஒரு வட்டம் முடிந்ததும் கலத்தைப் பெயர்த்து அடுத்த வட்டம். முழுக்கொன்றுக்குக் கிடைத்த சராசரியையும் பாரின் பரப்பையும் கொண்டு, அப்பாரில் உள்ள சிப்பியின் தொகை மதிப்பிடப்படும். இத்தனை படகு, இத்தனை நாள் குளித்தால் இத்துணை சிப்பி எடுக்கலாம் என்பது அதிலிருந்து வரும். இன்றைய சூழலியலார் மாதிரிக் கணிப்பு என்று அழைப்பது இதனையே. சுழற்சியும் இருந்தது: ஓராண்டிற் குஞ்சு கண்ட பாருக்கு மறுவருடமும் சென்று, அது பிழைத்ததா என்று பார்த்தல் வேண்டும். பார் முத்துக்குளிப்புக்குத் தகுதி பெற நாலைந்து ஆண்டுகள் செல்லும். அதன்பின் அதிக காலம் காத்திருக்கவும் இயலாது; முதிர்ந்த சிப்பி தானே மாண்டு, முத்து மணலிற் கலந்துவிடும். முந்தினால் முத்துச் சிறிது; பிந்தினால் முத்தே இல்லை.

எண்ணிக்கை மட்டும் போதாது. முதிர்ந்த பாரொன்றிலிருந்து மாதிரியாகச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தைத் துளைகளின் அளவில் வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் இட்டுத் தரம்பிரிப்பர். ஆணி முதல் தூள் வரை தரங்களுக்குத் தமிழ்ப்பெயர்களே வழங்கின. ஆயிரம் சிப்பிக்கு இன்ன பெறுமதி என்னும் மதிப்பீடு வெளியானதும், சலாபம் நடைபெறும் இடமும் நாளும் படகின் தொகையும் அரசாங்க அறிவித்தலாக வரும். அவ்வறிவித்தலை நம்பியே கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மலையாளக் கரை, பாரசீக வளைகுடா முதலிய இடங்களினின்றும் குளியாளிகளும், சிப்பியைக் கண்ணால் திறந்து பாராமலே ஆயிரக் கணக்கில் ஏலத்தில் எடுக்கும் வணிகரும் வந்தனர். பரிசோதகரின் எண்ணுக்கு இத்துணை மக்களின் பிழைப்புக் கட்டுப்பட்டிருந்தது.

ஆனால் அவ்வெண்ணைக் கடலடியிலிருந்து கொண்டுவந்தவர் பரிசோதகர் அல்லர். அவர் படகிற் குடைநிழலில் இருந்தார். இறங்கியவன் குளியாளி, அவன் சொன்னதே அறிக்கையாயிற்று. அடப்பனார் என்னும் கரையோரத் தலைவர்களும் தண்டல்மாரும், கரை கண்ணுக்கு மறைந்த நீரிலே திசையையும் நீரின் நிறத்தையும் ஈயக்குண்டில் ஒட்டிய மண்ணையும் கொண்டு பாரை அடையாளம் காட்டினர். அறிக்கைகளிற் பரிசோதகரின் பெயர் உண்டு, கலத்தின் பெயர் உண்டு, பாரின் பெயரும் உண்டு. முழுகியவன் 'சுதேசக் குளியாளி' என்னும் பொதுப்பெயருக்குள் மறைந்துவிட்டான். இவ்வரலாற்றை எழுத முற்படுவோருக்கு இது பெருங்குறை. ஒரு நூற்றாண்டுக் காலத்துச் சூழற்பதிவு முழுவதும் மூச்சடக்கிய சில மனிதரின் கண்ணையும் கையையும் நம்பியே எழுந்தது. அம்மனிதர் எவர் என்பதை அப்பதிவு நமக்குச் சொல்லவில்லை.

இத்துணைக் கவனமாக எண்ணியும் பார்கள் பொய்த்தன. 1820 முதல் 1828 வரை, 1837 முதல் 1854 வரை, 1864 முதல் 1873 வரை, 1892 முதல் 1902 வரை சலாபம் இல்லை. சென்ற ஆண்டு குஞ்சுகள் நிறைந்திருந்த பாரிலே இவ்வாண்டு வெறுங்கல் மட்டும் இருக்கும். பரிசோதகர் அதனைக் கண்டார்; குறித்தார்; ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. எண்ணுவது ஒன்று, காரணம் அறிவது வேறொன்று என்னும் உண்மையை அரசு மெல்ல உணர்ந்து, இயற்கையியலாரை நாடியது.

முதலில் வந்தவர் இந்நாட்டிலேயே பிறந்த எட்வேட் பிரெடெரிக் கெலாட். இவர் 1857 முதல் திருகோணமலையிலே தொட்டிகளிற் சிப்பியை வளர்த்து நோக்கினார். சிப்பி தன் நாரைத் தானே அறுத்துக்கொண்டு இடம்பெயர வல்லது என்பதையும், முத்து உருவாவதில் சிறு புழுக்களுக்குப் பங்குண்டு என்பதையும் எடுத்துரைத்தார். ஆராய்ச்சி முதிருமுன், 1860இல், இங்கிலாந்து நோக்கிய கடற்பயணத்தில் அவர் மறைந்தார். அவருக்குப் பின் 1865இல் வந்த ஹோல்ட்ஸ்வேத் கெலாட்டின் கூற்றுக்கள் சிலவற்றை ஐயுற்றார். சிப்பி நடக்குமா நடவாதா என்னும் வாதம் காகிதத்தில் நடந்துகொண்டிருந்தபோது பார்கள் வெறுமையாகவே கிடந்தன.

1902இல் லிவர்பூல் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் ஹேட்மனும் அவர் உதவியாளர் ஜேம்ஸ் ஹோணெலும் வந்தனர். ஹேட்மன் சில மாதங்களில் திரும்பிவிட, ஹோணெல் இங்கேயே தங்கினார். 'ரங்கசாமிப் புரவி' என்னும் தமிழ்ப்பெயர் தாங்கிய பாய்க்கப்பல் அவர்கள் ஏறிச் சென்ற கலங்களுள் ஒன்று. றோயல் சங்கம் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட அவர்தம் அறிக்கை, தென்னாசியக் கடலுயிரியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் கருதப்படுகின்றது. அவ்வறிக்கையிற் பெரிய பாரைப் பற்றிய பகுதி நம் கவனத்துக்குரியது.

பெரிய பார் வடக்குத் தெற்காக ஏறத்தாழப் பதினொரு கடல்மைல் நீளமுடையது; ஏனைய பார்களிலும் வெளியே, கடலடி திடீரெனச் சரியும் விளிம்பை அடுத்து உள்ளது. 1880ஆம் ஆண்டின் பின் இப்பாரிற் குறைந்தது பதினொரு முறை குஞ்சுச் சிப்பிகள் எண்ணிறந்தனவாக வந்து படிந்தன. ஒரு முறையேனும் அவை சலாபத்துக்கு எட்டவில்லை. டொனனின் பரிசோதனைக் குறிப்புகள் இருந்தமையாலன்றோ பதினொரு முறை என்று சொல்ல முடிந்தது! ஹேட்மன் பங்குனியிற் கண்ட குஞ்சுகளைத் தேடிக் கார்த்திகையிற் சென்றபோது ஹோணெல் கண்டது வெறுந்தரை. இடையில் வீசிய தென்மேற்குப் பருவக்காற்றின் நீரோட்டம் அவற்றை வாரிச் சென்றுவிட்டது; எஞ்சியவற்றை மணல் மூடிவிட்டது. ஆகவே அங்குப் படியும் குஞ்சுகளைக் காற்றுத் தொடங்குமுன் வாரி, கரைக்கண்மையில் உள்ள காப்பான பார்களிலே பெயர்த்து நடவேண்டும் என்று அவர்கள் கூறினர்.

குளியாளிகளோ பெரிய பாரைத் 'தாய்ப்பார்' என்று வழங்கி வந்தனர். அங்குத் தோன்றும் இளஞ்சிப்பிகளே பிற பார்களுக்குச் சென்று குடியேறுகின்றன என்பது அவர்தம் நம்பிக்கை. விஞ்ஞானியர் இதனை ஏற்கவில்லை. பற்றுவிட்டுப் பெயர்ந்த சிப்பி மாள்கிறதேயன்றி மைல்கள் கடந்து குடியேறுவதில்லை என்பது அவர் முடிவு. இது சரியே. எனினும் ஒன்றை நோக்குக. அப்பாரிலே ஆண்டுதோறும் குஞ்சு தோன்றுகின்றது, அங்கு நிலைப்பதில்லை, அதன் வாழ்வு வேறிடத்தில்தான் என்னும் மூன்று செய்திகளையும் குளியாளி அறிந்திருந்தான். அவன் கூறிய காரணம் மட்டுமே பிழை. ஐரோப்பிய விஞ்ஞானம் சொன்ன பரிகாரமும் அவன் கனவையே கப்பலில் ஏற்றிச் செய்து முடிப்பதாக அமைந்தது.

முத்தின் தோற்றம் பற்றிய அவர்தம் கொள்கையும் சுவையானது. நாடாப்புழுவின் இளம்பருவம் சிப்பியின் உடலிற் புகுந்து இறக்க, அதனைச் சூழ முத்துப் படிகிறது என்றும், அச்சிப்பியை உண்ணும் மீன்களின் வழியாகத் திருக்கையின் குடலில் அப்புழு முதிர்கிறது என்றும் கூறினர். அங்ஙனமாயின் சிப்பியின் பகையாகிய திருக்கையே முத்தின் தாய். அதனை அழித்தாற் பார் செழிக்கும், முத்து அற்றுப்போகும்! 1912இல் லைஸ்டர் ஜேம்சன் இக்கொள்கையைக் கடுமையாக மறுத்தார். பின்வந்தோர் பலர் அவர் பக்கமே நின்றனர்.

இவ்வாராய்ச்சி நடந்துகொண்டிருக்கையில் பார்கள் தாமாகவே செழித்தன. 1903 முதல் 1907 வரை இடைவிடாது ஐந்து சலாபங்கள் நடைபெற்றன. குதிரைமலைக்கு வடக்கே, மோதரகம் ஆற்றுக்கு அப்பாலுள்ள மறிச்சுக்கட்டியின் மணல்வெளியிலே நகரமொன்று திடீரென எழுந்தது. 1905ஆம் ஆண்டிலே மட்டும் எட்டுக்கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. எடுத்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிக்கு, இரு பங்கு அரசுக்கு. அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ரூபா. இந்த உச்சியில் நின்றுகொண்டுதான் அரசு தன் பார்களை விலைபேசிற்று. 1906இல் இலங்கை முத்துக்குளிப்போர் கொம்பனி என்னும் இலண்டன் நிறுவனத்துக்கு, ஆண்டுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா வாடகையில், இருபது ஆண்டுக்குக் குத்தகை எழுதப்பட்டது. விஞ்ஞானம் கைக்கு வந்துவிட்டது, இனிப் பார் பொய்க்காது என்னும் நம்பிக்கை பங்குதாரர்களுக்கு இருந்தது. ஆண்டுதோறும் நிலையான வாடகை வந்துகொண்டிருக்கும் என்னும் நிம்மதி அரசுக்கு இருந்தது. நூறாண்டுக் காலத்துப் பரிசோதனைப் பதிவுகளோ, செழிப்பை அடுத்து வறட்சி வரும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தன.

1907ஆம் ஆண்டுக்குப் பின் பார்கள் ஓய்ந்தன. கொம்பனி தோமஸ் சௌத்வெல் என்னும் விஞ்ஞான ஆலோசகரை வைத்து, பெயர்த்து நடுதல் முதலிய பணிகளைச் செய்வித்தது, பயன் விளையவில்லை. 1912இல் கொம்பனி கலைக்கப்பட்டது. ஐந்தாண்டுத் தொடர்ந்த குளிப்பினாற் பார் அழிந்ததா, இயற்கையின் சுழற்சியில் அடங்கிற்றா என்பது இன்னும் முடிந்த வழக்கன்று. இரண்டும் கலந்திருத்தல் கூடும் என்பதே என் துணிபு. ஏனெனில் 1798இன் பின்னும் இதுவே நிகழ்ந்தது. பரிசோதகரின் கணக்கு எத்துணை நேர்மையானதாயினும் அது ஒரேயொரு கேள்விக்கு விடையாகவே அமைக்கப்பட்டது: 'இவ்வாண்டு எடுக்கக்கூடியது எவ்வளவு?' எவ்வளவை விட்டுவைக்க வேண்டும் என்னும் கேள்விக்கு அவ்வறிக்கையிலே தனியொரு நிரல் இருந்ததில்லை. வருவாய்க்காக எண்ணுவோன் வருவாய் தருவதையே காண்பான். முத்துத் தாராத பாரும், முத்துத் தாராத மீனும், பாரைச் சூழ்ந்த பவளமும் பாசியும் டொனனின் குறிப்பேட்டிலே இடம்பெற்றது சிப்பிக்குத் தடை அல்லது துணை என்னும் அளவில்தான். அவற்றை அவற்றின் பொருட்டே எண்ணிய முதற்பெருமை ஹேட்மனுக்கும் ஹோணெலுக்கும் உரியது.

மீண்டும் அரசின் மேற்பார்வையில் 1925இல் ஒரு சலாபம் நடந்தது; அவ்வாண்டிலேயே முத்துக்குளிப்புக் கட்டளைச் சட்டமும் வந்தது. பழைய முறையிலான பெருஞ்சலாபங்களுள் அதுவே இறுதி. 1958இல் மீன்பிடித் திணைக்களம் குளியாளிக்குப் பதிலாக இயந்திரக் கப்பலையும் இழுவலையையும் கொண்டு சிப்பியை வாரியது. குளியாளி ஒவ்வொரு சிப்பியாகக் கைதொட்டு எடுத்த கற்றரையை இரும்புச் சட்டம் உரசிச் சென்றது. அதன்பின் சலாபம் என்று சொல்லத்தக்கது எதுவும் அக்கடலில் நிகழவில்லை.

கற்பிட்டிக்கு மேற்கேயுள்ள பவளத்திட்டுக்கள் 1992இல் காப்பிடமாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 1998இலே கடல்நீர் வெப்பமுற்று அத்திட்டுக்களின் ஆழங்குறைந்த பகுதியிலிருந்த பவளத்திற் பெரும்பகுதி வெளிறி மாண்டது. பின்னர் ஓரளவு மீண்டெழுந்தது. 2016இல் மீண்டும் வெளிறிற்று. இச்செய்திகள் நமக்குத் தெரிவது, கடலடியிலே அளவுநாடாவை விரித்து, அதன்கீழ் உயிருள்ளது எவ்வளவு, செத்தது எவ்வளவு என்று ஆண்டுக்காண்டு எண்ணியோர் இருந்தமையால்தான். முதுகிற் காற்றுக்குடுவை இருப்பதால் எண்ணுவோரே இப்போது இறங்குகின்றனர். அவர்தம் பெயர்கள் அறிக்கைகளில் உள. அவ்வெண்ணைக் கொண்டு எவரும் ஏலம் கூறுவதில்லை. ஆகவே அதற்கெனப் பணம் ஒதுக்குவோரும் அரியர். டொனன் ஆண்டு தவறாமற் பாருக்குச் சென்றமைக்குக் காரணம் அங்கு முத்து இருந்ததே.